ஏற்றத்துக்கு அஞ்சாது, இறக்கத்தில்தான் வேலை: மலைநாட்டில் பி.எஸ்.ஏ எம்20 நெடுநாள் பயன்பாடு

கம்பளையில் இருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஒரு பி.எஸ்.ஏ எம்20, அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் இராணுவ மோட்டார் சைக்கிள், ஏறிப் போனால், வழியில் தேநீர்க் கடையில் நிற்பவர்கள் எல்லாரும் "இந்தக் கிழடு எப்படி இழுக்குது பாருங்க" என்பார்கள். இழுப்பதில் அதிசயம் இல்லை. 496 சிசி, நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைட் வால்வ் எஞ்சின். 4,200 சுற்றில் 13 குதிரைவலுதான் என்றாலும் அடிச்சுற்றிலேயே நல்ல இழுவை கிடைக்கும். இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் வளைவு வளைவாக, அவசரமே இல்லாமல் ஏறிவிடும். மலையில் இந்த வண்டியைச் சோதிப்பது இறக்கமும் ஈரமும். வாங்க நினைப்பவர்கள் கையில் இருக்கும் பணத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் வண்டியைத் தேடுங்கள்.

முதலில் எண்கள். போர்க்காலத்தில் சுமார் 126,000 எம்20 செய்யப்பட்டன. இராணுவத்துக்குப் போனவற்றில் பெரும்பாலானவற்றின் எண் டபிள்யூ.எம்.20 என்று தொடங்கும். எக்ஸ்.எம்.20, வை.எம்.20, இசட்.எம்.20 என்று தொடங்கினால் அது 1945க்குப் பிந்திய பொதுமக்கள் வண்டி. பச்சை பெயிண்ட் அடித்து, பின்னால் இரண்டு கான்வஸ் பை தொங்கவிட்டால் இசட்.எம்.20 போருக்குப் போய் வந்த வண்டியாகிவிடாது. ஓட்டுவதற்கு அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் இராணுவ வண்டியின் விலை கொடுக்கக் கூடாது.

எஞ்சின் எண்ணும் சட்டத்து (ஃபிரேம்) எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. போர்க்கால எம்20இல் தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போதே இரண்டும் வேறு வேறு எண்கள். இரண்டும் அச்சாக ஒரே எண்ணாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பின்னாளில் யாரோ உளியால் அடித்திருக்கலாம். அது போக, இராணுவப் பட்டறைகளில் எஞ்சினைக் கழற்றி வேறு சட்டத்தில் மாட்டுவது அன்றாட வேலை. ஆகவே எஞ்சின் ஒரு ஆண்டு, சட்டம் ஒரு ஆண்டு என்றிருப்பது குறையல்ல, அந்த வண்டியின் வரலாறு. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் உலோகத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்யும் பொறுப்பை விற்பவரிடம் விடுங்கள், பணம் கைமாறும் முன்பே.

புத்தகத்தில் உள்ள ஆண்டு முதற்பதிவு ஆண்டு. வண்டி செய்யப்பட்ட ஆண்டு அல்ல. இலக்கத் தகடும் ஒரு தடயம்: சிங்கள 'ஸ்ரீ' எழுத்து 1957இல் வந்தது, பழைய ஆங்கில எழுத்துத் தகடு என்றால் அதற்கு முன்பே இங்கு பதிவான வண்டி. செய்த ஆண்டும், எந்த இராணுவ ஒப்பந்தத்தில் செய்தது என்பதும் வேண்டுமானால், பி.எஸ்.ஏ தொழிற்சாலையில் இருந்து வண்டிகளை அனுப்பிய பதிவேடுகள் பிரிட்டனின் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் இருக்கின்றன. கட்டணம் கட்டிக் கேட்கும்போது சட்டத்து எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தனித்தனியாகக் கொடுங்கள். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, கைபேசிப் படத்தைவிடத் தெளிவாக இருக்கும். ஒப்பந்தம் தெரிந்தால், பெற்றோல் தாங்கியில் எழுதியிருந்த 'சி' எழுத்தில் தொடங்கும் இராணுவ இலக்கம் எந்த வரிசைக்குள் வரும் என்பதும் தெரியும்.

தாங்கியின் பெயிண்டை சாண்ட் பிளாஸ்ட் செய்ய அனுப்பிவிடாதீர்கள். போர் முடிந்து விற்கப்பட்ட வண்டிகளுக்குக் கறுப்பு அடித்தார்கள். அதன் கீழே பச்சை, சில நேரம் அதற்கும் கீழே மண்ணிறம். 1944இல் ஒலிவ் நிறம் வருவதற்கு முன் பிரிட்டிஷ் வண்டிகள் காக்கிப் பச்சையிலும் மண்ணிறத்திலும் இருந்தன. 1,000 இலக்கத் தண்ணீர்த் தாளால், சவர்க்கார நீர் தொட்டு, உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும். 'சி' இலக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வருகிறது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் பேராதனைக்கு வந்தது உண்மை. அந்த முகாமில் ஓடிய வண்டி இது என்று யாராவது சொன்னால், இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கதைக்கு விலை வைக்க முடியாது.

இன்னொரு அடையாளம் வேடிக்கையானது. 1942இல் மலாயா ஜப்பானிடம் வீழ்ந்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் தட்டுப்பாடு. அதனால் பிந்திய எம்20களில் கைப்பிடிக்குக் கான்வஸ் சுற்றியும் கால்மிதியை வெறும் இரும்பிலும் செய்தார்கள். நேச நாடுகளுக்கு அப்போது மிஞ்சிய பெரிய இயற்கை ரப்பர் மூலமே இலங்கைதான். அந்த இரும்புக் கால்மிதியை இங்கே பலர் கழற்றி எறிந்துவிட்டு ரப்பர் மாட்டுகிறார்கள். எறியாதீர்கள். மழையில் வழுக்கும், ஆனால் மூல உறுப்பு.

இனி உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 வீதம் குறைவு. 13 குதிரைவலு 11க்குக் கீழே போய்விடும், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் பெற்றோல் கலவை கொழுப்பதை, அதாவது காற்றுக்குப் பெற்றோல் மிகுந்துபோவதை, திருத்தலாம். அமல் 276 காபரேட்டரில் வரும் மெயின் ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளை) 170. நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் வசித்து அங்கேயே ஓட்டுபவர்களுக்கு 150 அல்லது 160 சரியாக இருக்கும். பிளக் கறுப்புக் கரியாக, காய்ந்து இருப்பதும், முழுத் திராட்டிலில் எஞ்சின் விட்டுவிட்டு அடிப்பதும் ஜெட் பெரிது என்பதற்கு அடையாளம். வாரத்துக்கு ஒரு முறை கண்டிக்கு இறங்குபவர்கள் 160க்குக் கீழே போகாதீர்கள். 500 மீற்றர் உயரத்தில் கலவை மெலிந்தால் சைட் வால்வ் எஞ்சின் சூடேறி, எக்சோஸ்ட் வால்வ் எரியும். அவர்களுக்குக் காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால், ஊசி அந்த அளவு கீழே இறங்கும், அது போதும்.

பெற்றோல் 92 தாராளம். அமுக்க விகிதம் 4.9தான், 70 ஒக்டேனைச் சுற்றிய போர்க்காலப் பெற்றோலுக்குச் செய்த எஞ்சின். 95 ஊற்றுவது காசைக் கரியாக்குவது. 2022இல் கியூ.ஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கொடுத்த காலத்தில் இந்த வண்டிகள் பெரும்பாலும் திண்ணையில்தான் நின்றிருக்கும்.

அந்த 4.9 இறக்கத்தில் எதிரியாகிறது. அமுக்கம் குறைந்த எஞ்சின், திராட்டிலை மூடினாலும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. 170 கிலோ வண்டி, அதன் மேல் ஒரு ஆள், முன்னும் பின்னும் 7 அங்குல டிரம். ஹப்புத்தளையில் இருந்து பெரகல வழியாக ஹல்துமுல்லைக்கு மூன்றாம் கியரில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், பாதி வழியில் பிரேக் சூடேறி மங்கிவிடும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள், தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். நீண்ட இறக்கத்தில் திராட்டில் மூடியே இருந்தால் சிலிண்டரில் ஏற்படும் உறிஞ்சலால் ஒயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறி பிளக்கை நனைக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு நொடி திராட்டிலைத் திறந்து மூடினால் பிளக் காய்ந்திருக்கும்.

பிரேக் வேலையை லைனிங் மாற்றுவதோடு முடித்துவிடுவதுதான் கராஜ்களில் நடக்கும் தவறு. எண்பது வருட டிரம் வட்டமாக இருக்காது. சக்கரத்தில் கம்பி கட்டி முடித்த பிறகு, சக்கரத்தோடு சேர்த்து லேத்தில் போட்டு டிரம்மைக் கடைய வேண்டும். கம்பியின் இழுப்பே டிரம்மை முட்டையாக்கும் என்பதால் முதலில் கடைந்துவிட்டுப் பிறகு கம்பி கட்டினால் பயனில்லை. தடித்த லைனிங் ஒட்டி, கடைந்த டிரம்மின் அளவுக்கு அதையும் லேத்தில் கடைந்து, இரு முனைகளையும் சற்றுச் சரித்துத் தேய்க்க வேண்டும். கடைசியாக, பிரேக் பிடித்த நிலையில் கேம் லீவரும் கேபிளும் 90 பாகையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோணம் தவறினால் கைவிரல் வலிக்கும், வண்டி நிற்காது. ஹப்பில் உள்ள கிரீஸ் நிப்பிளுக்கு இரண்டு பம்ப் போதும். அதற்கு மேல் போனது எல்லாம் லைனிங்கில்தான் போய்ச் சேரும்.

முன் கேர்டர் ஃபோர்க்குக்கு இதற்கு நேர்மாறு: பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை அடியுங்கள், 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை. ஸ்பிண்டிலில் இருக்கும் வரிவரியான வாஷரை விரலால் திருகினால் கஷ்டப்பட்டுச் சுழல வேண்டும். லேசாகச் சுழன்றால் தளர்வு, சுழலவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம்.

மூடுபனிக்கு வருவோம். லூகஸ் மேக்டைனோவில் (பொறி தரும் மேக்னீட்டோவும் மின்சாரம் தரும் டைனமோவும் சேர்ந்த கருவி) இரண்டு நோய்கள். ஒன்று கண்டென்சர்: குளிரில் ஒரே உதையில் பிடிக்கும், இருபது நிமிடம் ஓடி நிறுத்தினால் மறுபடி பிடிக்காது, ஆறினால் பிடிக்கும். இதைக் காபரேட்டர் கோளாறு என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சாதாரண மல்டிமீற்றர் கண்டென்சரை நல்லதென்றே காட்டும், 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனையில்தான் கசிவு தெரியும். ஆர்மெச்சரைச் சுற்றக் கொடுக்கும்போது பழைய ஷெல்லாக் பூச்சு வேண்டாம், எபொக்சி போடச் சொல்லுங்கள். சூட்டில் உருகிய ஷெல்லாக் வெளியே வழிந்து ஆர்மெச்சரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது நோய் ஈரம். இரவு நானுஓயாவில் வெளியே நின்ற வண்டி காலையில் பொறி காட்டாவிட்டால் பிளக் வயர் மாட்டும் பிக்கப்பைக் கழற்றி, பென்சில் முனையில் பெற்றோல் நனைத்த துணியைச் சுற்றி ஸ்லிப் ரிங்கின் மேல் வைத்து, யாரையாவது மெதுவாகக் கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள். துணி கறுப்பாக வரும். அந்தக் கரியும் ஈரமும் சேர்ந்துதான் பொறியை வழியிலேயே விழுங்கியவை. பிளக் வயர் செம்புக் கம்பி வயராக இருக்கட்டும்; கார்பன் இழை வயர் திருகாணிப் பிக்கப்புக்குப் பொருந்தாது. பாயிண்ட் இடைவெளி 0.012 அங்குலம், பிளக் 0.018. டாப்பட் ஆறிய எஞ்சினில் இன்லெட் 0.010, எக்சோஸ்ட் 0.012. இக்னிஷன் முழுதாக முன்னேறிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 7/16 அங்குலம் முன்னே இருக்க வேண்டும். உதைக்கும்போது கைப்பிடி லீவரைப் பின்வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

ஒயிலுக்குக் காகித ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு கம்பிவலை மட்டும். மோனோகிரேட் 40 ஊற்றி 1,500 கிலோமீற்றருக்குள் மாற்றுங்கள். பல வருடம் நின்ற எஞ்சினுக்கு, பிரித்துக் கழுவாமல் புது டிட்டர்ஜெண்ட் ஒயில் ஊற்றாதீர்கள். பழைய கசடு கரைந்து போய் பிக் எண்டுக்கான வழியை அடைக்கும். நின்ற வண்டியில் தாங்கி ஒயில் பம்ப் வழியாகக் கிரேங்க்கேசுக்குள் இறங்குவது இயல்பு. அடிப் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டே உதைக்கவும். எஞ்சின் பிடித்ததும் ஒயில் தாங்கி மூடியைத் திறந்து, திரும்பும் குழாயில் ஒயில் விட்டுவிட்டுத் துப்புகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அடித் தகட்டைக் கழற்றினால் உறிஞ்சு குழாய் தெரியும். உள்ளே வால்வாக வேலை செய்யும் ஒரு சிறு குண்டு ஒட்டியிருக்கும், கீழிருந்து மெல்லிய கம்பியால் ஒரு குத்து.

ஸ்பேனர் விஷயத்தில் மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கால் அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) நட்டின் தலை 13.3 மில்லிமீற்றர், 13 ஏறாது, 14 உருட்டிவிடும். ஆனால் மார்ஷல் ரோலரும் சிரோக்கோ ட்ரையரும் ஓடிய பழைய தேயிலை ஃபெக்டரிகளின் ஃபிட்டர்கள் விட்வொர்த் ஸ்பேனரை விட்டுவைத்திருப்பார்கள். கேட்டால் கிடைக்கும். மரை வெட்டும் டேப் செட் மட்டும் அங்கிருந்து வாங்க வேண்டாம்: விட்வொர்த் மரை 55 பாகை, வண்டியின் பல இடங்களில் இருப்பது 60 பாகை, அங்குலத்துக்கு 26 புரியுள்ள சைக்கிள் மரை. மாற்றி ஓட்டினால் போல்ட் முதலில் இறுகும், பிறகு கையோடு வரும்.

டயர் கவலையே இல்லை. 3.25-19, ராயல் என்ஃபீல்ட் புல்லட்டுக்கும் அதே அளவு. போருக்குப் பின் எம்20 1955 வரையும் அதன் அண்ணன் எம்21 1963 வரையும் செய்யப்பட்டதால் எஞ்சின் உறுப்புகளும் கிடைக்கின்றன. நகல் வால்வுகளைத் தவிருங்கள்.

மாற்று வண்டி கேட்பவர்களுக்கு மேட்ச்லெஸ் ஜி3எல். 347 சிசி, மேல் வால்வ், 1941இல் வந்த டெலிடிராலிக் (ஒயில் நிரப்பிய குழாய்) முன் ஃபோர்க். ஏறத்தாழ 20 கிலோ இலகு. இறக்கத்தில் அது தெளிவாகவே மேல். தோட்டத்துக் கல் பாதைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் இன்னும் கூடும். எம்20க்கும் தரைக்கும் இடைவெளி நாலரை அங்குலம்தான். ஆனால் எம்20இன் சிலிண்டர் ஹெட்டை வீதியோரத்திலேயே கழற்றிக் கரி சுரண்டி மாட்டிவிடலாம். ஜி3எல்லில் ராக்கரோடும் புஷ்ராடோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழையில் இரண்டு மூன்று மாதம் நிறுத்திவைப்பதென்றால் காபரேட்டரை வடித்துவிடுங்கள். பிளக் துவாரம் வழியாக இரண்டு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கரை மெதுவாக மிதித்துப் பிஸ்டனை அமுக்க உச்சியில் நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. மறுபடி எடுக்கும் நாளில் அடிப் பிளக்கைத் திறந்து ஒயிலை வடித்துவிட்டு, பிளக்கை வெளியே வைத்தபடி, திரும்பும் குழாயில் ஒயில் தெரியும் வரை கிக்கரை மிதியுங்கள். பிறகு பெற்றோலைத் திறக்கலாம்.