ஷட்டரில் ‘குஷன் வேலை’ என்று மட்டும் எழுதிய கடை

கடலூரில் ஒரு சின்னக் குஷன் கடையில் என் காரின் இரண்டு சீட்டுக்கும் புதுத் தோல் போட்ட கதை இது. முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 1998 மாடல் பி.எம்.டபிள்யூ. இசட் 3. 1.9 லிட்டர் எஞ்சின், இரண்டே சீட், கையால் மடக்குகிற துணிக்கூரை. அமெரிக்காவில், தென் கரோலினா மாகாணத்து ஸ்பார்டன்பர்க் ஆலையில் செய்தது. 2002-இல் இந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கி வந்தேன். புதுச்சேரி எண் போட்ட இந்த மாதிரி வண்டியைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் உடனே ‘வரி மிச்சமா சார்?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்கள், வரி குறைவென்று இங்கே பொய் முகவரியில் பதிந்தவன் என்ற நினைப்பில். லாஸ்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். இங்கேதான் குடியிருக்கிறேன் என்பதற்கு ரேஷன் கார்டையா எடுத்துக் காட்ட முடியும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது வண்டி வாசலில்தான் நின்றது. கூரைத் துணியின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அது தெரியாமல் மேலே ஒரு பாலித்தீன் உறையையும் மூடி வைத்திருந்தேன். கடைக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டதால் ஆறேழு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. அப்புறம் திறந்து பார்த்தால் இரண்டு சீட்டிலும் இட்லி மாவு தெளித்த மாதிரி பூஞ்சணம். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. தரையோடு தரையாக இருக்கும் வண்டியில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆளின் முழு எடையும் அந்த ஓரத்தில்தான் விழும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதைப் பார்த்தாலும் முதலில் கிழிந்திருப்பது அந்த இடமாகத்தான் இருக்கும்.

புதுச்சேரியில் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒரு கடையில் ‘நாப்பா லெதர்’ என்று ஒரு கட்டு மாதிரித் துண்டுகளை நீட்டி, இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய், மறுநாளே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பின்னல் துணி. அது ரெக்சின், துணி மேல் பிளாஸ்டிக் பூசியது. ரெக்சின் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை, ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அதுதான் சரி. அதற்கு லெதர் என்று பெயர் வைத்து விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு இடத்தில் வண்டியையே ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடலூர்க் கடையைச் சொன்னவர், என்னிடம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரு மினி பஸ் உரிமையாளர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, ஷட்டரில் நீலப் பெயிண்டில் ‘குஷன் வேலை’ என்று மட்டும் எழுதியிருக்கும். வாசலில் பஸ் சீட், உள்ளே யாரோ டாக்டர் வீட்டு சோபா, மூலையில் ஒரு ஜூக்கி தையல் மெஷின். கடைக்கார பாய்க்கு அறுபது வயதிருக்கும். இளவயதில் புதுச்சேரியில் கைப்பை தைக்கும் பட்டறையில் பல வருடம் இருந்தவர். போனில் படங்களைக் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

“படத்தப் பாத்து ரேட்டு சொன்னா அது என் வாய்க்கு வந்த ரேட்டு சார். சீட்டக் கொண்டாங்க, பிரிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அந்த ஒரு பதிலுக்காகத்தான் சீட்டைக் கழற்றினேன். நான்கு போல்ட்தான். ஆனால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் போகிறது. அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இரண்டு சீட்டையும் ஒரு குட்டி யானையில் ஏற்றிக் கடலூர் போனேன். எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் சீட்டின் கிழிசலுக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு எதைக் கொண்டுபோனாலும் உள்ளே பாட்டில் இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. நியாயமான நம்பிக்கைதான்.

பாய் என் கண் முன்னாலேயே பிரித்தார். உறையின் ஓரங்களை உள்ளே இருக்கும் கம்பியோடு சேர்த்துச் சின்னச் சின்னக் கம்பி வளையங்களால் பிடித்திருக்கிறார்கள். அவற்றைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். உள்ளே நடுப்பகுதி ஃபோம் நன்றாக இருந்தது. ஓரத்து ஃபோம் விரலால் அழுத்தியதும் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பயணி சீட்டில், ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் மெல்லிய சென்சார் விரிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. அதை மட்டும் மடக்காமல் அப்படியே தனியாக எடுத்து ஆணியில் மாட்டி, மேலே ‘தொடாதே’ என்று சாக்பீஸால் எழுதிவிட்டார், கடைப் பையனுக்காக.

அதன் பிறகு வெறும் இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். டக் டக் என்று சத்தம். “சார், லெதர மாத்திட்டு இந்த ஆட்டத்த என்ன பண்ணப் போறீங்க?” என்றார். பிரேக் பிடித்தால் சீட் ஒரு நூல் முன்னே போய் வரும், ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னே போகும். வண்டி வாங்கிய நாளிலிருந்தே இருந்ததால் அதன் சுபாவம் என்று விட்டுவிட்டேன். சீட் நகரும் தண்டவாளத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ், அதாவது ஆட்டம் இல்லாமல் பிடித்திருக்கும் சின்னக் குழல், தேய்ந்துபோவது இசட் 3-க்கு உலகம் முழுக்க உள்ள வியாதி என்று பிறகுதான் படித்தேன். நாலு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறைக்கு என்னையே அனுப்பினார். நைலான் உருளையில் புஷ் கடைந்து தந்தார்கள், மொத்தமே 600 ரூபாய். மொத்த வேலையிலும் ஓட்டும்போது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது இந்த 600 ரூபாயில்தான். குஷன் கடைக்காரருக்கு இதில் ஒரு பைசா வருமானம் இல்லை.

லெதர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். ஹைடிசைன் என்ற தோல் கைப்பை நிறுவனம் 1978-இல் தொடங்கிய ஊர் எங்கள் ஊர். நல்ல கைப்பைத் தோலைத் தொட்டுத் தொட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்த மாதிரி எண்ணெய்ப் பதத்தோடு, நகம் பட்டால் நிறம் மாறுகிற தோல்தான் வேண்டும் என்று நின்றேன். பாய் ஒன்றும் பேசவில்லை. பையனை அனுப்பி டீக்கடையில் ஒரு டம்ளர் கொதிக்கும் வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். மரப்பட்டையில் பதனிட்ட கைப்பைத் தோலில் ஒரு துண்டு, குரோம் உப்பில் பதனிட்ட கார் தோலில் ஒரு துண்டு, இரண்டையும் உள்ளே போட்டார். முதல் துண்டு பொரித்த வடகம் மாதிரி சுருண்டு இறுகிவிட்டது. இரண்டாவது போட்டபடியே இருந்தது. “மேல கூரையத் தொறந்து வெயில்ல நிறுத்துற வண்டி. எது வேணும், நீங்களே சொல்லுங்க.” அதோடு வாக்குவாதம் முடிந்தது. கார் தோலுக்கு மேலே ஒரு நிறப்பூச்சும் காப்புப் பூச்சும் இருக்கும். வியர்வை, ஜீன்ஸ் சாயம் எல்லாம் அதிலேயே நின்றுவிடும், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

தோல் வாங்கச் சென்னை பெரியமேட்டுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள், பின்பக்கம் அளவு எழுதியிருக்கும். பாய் ஒவ்வொன்றையும் விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த தழும்பு, சூடு போட்ட அடையாளம், எல்லாம் மாடு வாழ்ந்த கதை. சூட்டுத் தழும்பு நடுவில் விழுந்த தோலை ஒதுக்கிவிட்டார். கனம் 1.2 மில்லிமீட்டர். நிறம், கருப்பட்டிக்கும் வறுத்த முந்திரிக்கும் நடுவில். சதுர அடி 170 ரூபாய் வீதம் 68 சதுர அடி, 11,560 ரூபாய். கிளம்பும்போது கடைக்காரரிடம் ஒரு ஓரத்தைச் சீவி வாங்கி லைட்டரில் காட்டினார். முடி கருகுகிற நாற்றம் வந்தது. ரெக்சினாக இருந்தால் உருகி மணியாகச் சொட்டும்.

பழைய உறையைத் தையல் பிரித்துத் துண்டு துண்டாக்கி, அவற்றையே அச்சாக வைத்து வெட்டினார். முதுகெலும்பை ஒட்டிய இறுக்கமான தோல், உட்காரும் இடத்துக்கு. இழுத்தால் நீளும் வயிற்றுத் தோல், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்கு. நூல் பாலியஸ்டர். நைலான் வெயிலில் சீக்கிரம் பொடியும் என்றார். தையல் நெருக்கமாக இருந்தால்தானே உறுதி என்று கேட்டேன். தோலில் ஒருமுறை விழுந்த ஊசித்துளை மூடாது, நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரியிலேயே கிழியும் என்றார். ஓரங்களுக்குப் புது ஃபோமைக் கத்தியால் செதுக்கிப் பசையில் ஒட்டினார். முதல் முறை செதுக்கியதில் உட்கார்ந்து பார்த்தேன், இடுப்பை இறுக்கியது. முகம் சுளிக்காமல் மறுபடி செதுக்கினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எட்டு நாள் என்றார், 23 நாள் ஆனது. நடுவில் ஒரு கல்யாண மண்டபத்து நாற்காலி ஆர்டர் வந்துவிட்டது. போன் செய்தால் ‘நாளைக்கு சார்’ என்ற ஒரே பதில். எந்த நாளைக்கு என்று சொல்ல மாட்டார். தையல் ஓரத்தில் கயிறு மாதிரி ஓடும் பைப்பிங்கின் நிறம் நான் கேட்டதைவிட ஒரு படி அடர்த்தி. ரசீது ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம். பயணி சீட்டின் வலது மூலையில் ஒரு சுருக்கம் இருக்கிறது, சுண்டுவிரல் நீளம். ஹீட் கன் காட்டியும் போகவில்லை.

இன்னொரு கோளாறு முழுக்க என் தப்பு. சீட் இல்லாத நாட்களில், மழைக்கு வண்டியை ஷெட்டுக்குள் தள்ளுவதற்குப் பதில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பி ஓட்டிவிட்டேன், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் உட்கார்ந்து. கனெக்டர் கழன்றிருப்பதைப் பார்த்த வண்டி ஏர்பேக் விளக்கைப் போட்டுவிட்டது. சீட்டை மாட்டியும் அணையவில்லை. ஸ்கேனர் மாட்டித்தான் அதை அணைக்க வேண்டும். இந்த வண்டிக்கு ஸ்கேனர் மாட்டும் இடம் பானெட்டுக்கு அடியில் 20 முள் வட்டக் கனெக்டர். அதற்குப் பொருந்தும் அடாப்டர் ஒரு நண்பர் சென்னையிலிருந்து கொண்டுவரும் வரை மூன்று வாரம் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கூலி 24,000. ஃபோம், நூல், கம்பி வளையம், பசை எல்லாம் 3,800. தோலையும் லேத் வேலையையும் சேர்த்தால் 39,960 ரூபாய். வீட்டில் சொன்ன தொகை வேறு.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், டேஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்பிரேயும் வேண்டாம், மழைக்காலத்தில் பாலித்தீன் போட்டு மூடவே மூடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன்.

போவதென்றால் சீட்டை நீங்களே கழற்றிக் கொண்டுபோங்கள். அவர் வண்டியில் கை வைப்பதில்லை, அதுவும் நல்லதுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஷட்டர் மூடியிருக்கும். தேதி சொன்னால் அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சுருக்கத்துக்கு, “சித்திரை வெயில் ஒரு சுத்து படட்டும் சார், தானா இழுத்துக்கும். இல்லன்னா கொண்டாங்க, காசு வேணாம்” என்றிருக்கிறார். சித்திரை முடிந்துவிட்டது. பாதி இழுத்திருக்கிறது.