மான்டேக் சிங் அலுவாலியாவின் 'பேக்ஸ்டேஜ்': குறிப்பெழுதிய அதிகாரியின் நூல்

1990 ஜூன் மாதம் வளரும் நாடுகளின் குழுவான ஜி-15இன் மாநாட்டுக்காகக் கோலாலம்பூருக்குச் சென்ற பிரதமர் வி.பி. சிங், மலேசியா அடைந்திருந்த வளர்ச்சியைக் கண்டு வியந்து, நம்மால் ஏன் இது இயலவில்லை என்று தம் அலுவலகத்தில் பொருளாதார விவகாரங்களைக் கவனித்துவந்த அதிகாரியிடம் கேட்டார். அந்த அதிகாரி விடையாக ஒரு குறிப்பு எழுதினார். தொழில் உரிம முறையைத் தளர்த்துவது, இறக்குமதித் தீர்வைகளைக் குறைப்பது, நிதிப் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்துவது, அந்நிய முதலீட்டுக்கு வழிவிடுவது ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே திட்டமாக அக்குறிப்பு முன்வைத்தது. செயலாளர்கள் குழுவின் பார்வைக்குப் போன அது பத்திரிகைகளுக்குக் கசிந்து, 'எம் (M) ஆவணம்' என்ற பெயரில் சில வாரங்கள் சர்ச்சைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் வி.பி. சிங் ஆட்சி கவிழ்ந்தது. குறிப்பை எழுதிய மான்டேக் சிங் அலுவாலியா வணிகத்துறைச் செயலாளராக மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு மேற்கொண்ட சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை அக்குறிப்பில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தவைதாம்.

2020 பிப்ரவரியில் ரூபா பதிப்பகம் வெளியிட்ட 'பேக்ஸ்டேஜ்' என்ற அவருடைய ஆங்கில நூலை மதிப்பிடுவதற்கு இந்த நிகழ்ச்சியே சரியான தொடக்கம் என்று கருதுகிறேன். ஓர் அரசு அதிகாரியின் செல்வாக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக்கூடிய ஒரு குறிப்பை எழுதிவைக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது என்பதுதான் இந்நூல் தரும் விடை. அரசியல்வாதிக்குத் துணிவு பிறக்கும் நாள் எது என்பதை அதிகாரி தீர்மானிக்க முடியாது. அந்த நாள் வரும்போது மேசையில் என்ன தாள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரால் தீர்மானிக்க முடியும். இதை இவ்வளவு விரிவாக, உள்ளேயிருந்து காட்டும் இந்திய நினைவுநூல்கள் குறைவு.

ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு விரைவாகவே சொல்லப்படுகிறது. 1943இல் ராவல்பிண்டியில் பிறந்து, செகந்திராபாத்திலும் டெல்லியிலும் வளர்ந்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, 1968இல் உலக வங்கியில் சேர்ந்து, இருபத்தெட்டு வயதில் அங்கே ஒரு பிரிவின் தலைவரானவர் அலுவாலியா. 1979இல் அந்த வேலையை விட்டுவிட்டு நிதி அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகராக இந்தியா திரும்பினார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி அல்லர். மன்மோகன் சிங், பிமல் ஜலான், விஜய் கேல்கர், ராகேஷ் மோகன் ஆகியோரைப் போலவே பொருளாதார அறிஞர் என்ற தகுதியில் பக்கவாட்டு வாயில் வழியாக அரசுக்குள் நுழைந்தவர். மாவட்ட ஆட்சியராக ஒரு நாளும் இருந்திராத ஒருவர் வணிகத்துறை, பொருளாதார விவகாரத்துறை, நிதித்துறை ஆகியவற்றின் செயலாளராக அடுத்தடுத்து உயர்ந்தது அன்றைய டெல்லியில் எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க முடியாது. அந்த உரசல்களைப் பற்றி நூலில் இன்னும் எழுதியிருக்கலாம். பக்கவாட்டு நியமனம் குறித்து இன்று நடக்கும் விவாதங்களைக் கருதினால் இந்தச் சுருக்கம் ஒரு குறையாகவே படுகிறது.

நூலின் உயிர்நாடி 1985 முதல் 1993 வரையிலான பகுதி. ராஜீவ் காந்தியின் அலுவலகத்தில் தொடங்கிய தயக்கமான தளர்வுகள், பின்னர் வந்த இரண்டு குறுகிய ஆட்சிகள், 1991இன் நெருக்கடி என்று அது விரிகிறது. இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணி கையிருப்பு, கடனுக்கு ஈடாக லண்டனுக்கு அனுப்பப்பட்ட தங்கம், ஜூலை 1, 3 ஆகிய தேதிகளில் இரு படிகளாகக் குறைக்கப்பட்ட ரூபாயின் மதிப்பு ஆகியவை பலரும் அறிந்த செய்திகள். முதல் படிக்கு எழுந்த எதிர்ப்பைக் கண்டு கலங்கிய நரசிம்ம ராவ் இரண்டாவது படியை நிறுத்தச் சொன்னதும், நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைத்தபோது வேலை முடிந்துவிட்டிருந்ததும் இன்று ஏறக்குறைய நாட்டுப்புறக் கதையாகிவிட்டன. அதிகம் பேசப்படாதது, அதே நாட்களில் வணிகத்துறையில் நடந்தது. அதை எழுத அலுவாலியாவைவிடப் பொருத்தமானவர் இல்லை, ஏனெனில் அதன் வரைவே அவருடையது.

அன்று ஏற்றுமதியாளர்களுக்கு அரசு ரொக்க ஈட்டுதவி என்ற பெயரில் மானியம் கொடுத்துவந்தது. ரூபாயின் மதிப்பு குறைந்ததும் ஏற்றுமதியாளர்களுக்கு ரூபாய்க் கணக்கில் தாமாகவே கூடுதல் வருவாய் கிடைக்கும் என்பதால், அந்த மானியத்தை ஒழித்துவிட வேண்டும் என்று நிதியமைச்சர் விரும்பினார். ஏற்றுமதியாளர்களைக் காக்க வேண்டிய வணிகத்துறையின் பொறுப்பில் அப்போது இருந்தவர் ப. சிதம்பரம், மானியத்தை இழப்பதற்கு ஈடாக எதைக் கேட்பது என்பது அவருடைய துறையின் சிக்கல். அங்கேதான் செயலாளரின் பொருளாதார அறிவு கைகொடுத்தது. ஏற்றுமதி மதிப்பில் முப்பது விழுக்காட்டுக்கு இறக்குமதி செய்துகொள்ளும் உரிமையைச் சீராக எல்லா ஏற்றுமதியாளர்களுக்கும் வழங்குவது, அந்த உரிமைச் சீட்டைச் சந்தையில் விற்கவும் அனுமதிப்பது என்பது திட்டம். எக்ஸிம் ஸ்கிரிப் என்று பெயர் பெற்ற இச்சீட்டின் தந்திரம் என்னவென்றால், அதுவரை எந்தப் பொருளை யார் எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்பதைக் கோப்பு கோப்பாகப் பார்த்துத் தீர்மானித்துவந்த அதிகாரியின் இடத்தில் அது சந்தை விலையை உட்காரவைத்தது. அரசின் செலவும் குறைந்தது, அதிகாரியின் அதிகாரமும் குறைந்தது. வரைவு தயாரானதும் நிதியமைச்சர், வணிக அமைச்சர், செயலாளர் மூவரும் பிரதமரிடம் சென்றார்கள். நிதியமைச்சருக்கு இதில் உடன்பாடுதானா என்று கேட்டு, அவரைக் கையொப்பமிடச் சொல்லி, பிறகு ராவ் தாமும் கையொப்பமிட்டார். சாதாரணமாக அமைச்சகங்களுக்கிடையே மாதக்கணக்கில் அலைந்திருக்கக்கூடிய ஒரு கோப்பு சில மணி நேரத்தில் முடிந்தது.

இதன் தொடர்ச்சியை வாசகர் கோத்துப் பார்க்க வேண்டும். 1992 மார்ச்சில், அந்நியச் செலாவணியின் ஒரு பகுதியை அரசு விகிதத்திலும் மீதியைச் சந்தை விகிதத்திலும் மாற்றும் இரட்டைச் செலாவணி விகித முறை வந்து எக்ஸிம் ஸ்கிரிப்பின் தேவையை நீக்கியது. 1993 மார்ச்சில் இரண்டு விகிதங்களும் ஒன்றாயின. 1994இல் வணிகம், பயணம் போன்றவற்றுக்கான நடப்புக் கணக்கில் ரூபாய் முழுமையாக மாற்றத்தக்கதாயிற்று. 1991 ஜூலையில் அவசரமாக எழுதப்பட்ட ஒரு தற்காலிக ஏற்பாடு, ஓராண்டுக்குள் தன்னைத் தானே தேவையற்றதாக்கிக்கொண்டு, மூன்றாண்டுகளில் நிலையான அமைப்புக்கு வழிவிட்டது. படிப்படியான சீர்திருத்தமே இந்தியாவுக்கு ஏற்றது என்று ஆசிரியர் நூல் நெடுகிலும் வாதிடுவதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அதே வாதத்தைத் தொழிலாளர் சட்டங்களுக்கும் பொதுத்துறை வங்கிகளுக்கும் பொருத்தும்போது அது வலுவிழக்கிறது. அங்கே படிகள் மட்டும் தெரிகின்றன, மாடி எங்கே என்று தெரிவதில்லை. சீர்திருத்தம் மெதுவாக நடந்ததற்கும் நடக்காமலே போனதற்கும் உள்ள வேறுபாட்டை நூல் போதிய அளவுக்குப் பிரித்துக் காட்டவில்லை.

1993 முதல் 1998 வரை நிதித்துறைச் செயலாளர், பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்துவந்த திட்டக்குழுவின் உறுப்பினர், 2001 முதல் வாஷிங்டனில் பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) தன்னாட்சி மதிப்பீட்டு அலுவலகத்தின் முதல் இயக்குநர் என்று பதவிகள் மாறுகின்றன. இவற்றை விரைந்து கடந்து 2004க்கு வந்துவிடலாம். அவ்வாண்டு மன்மோகன் சிங் பிரதமரானதும் திட்டக்குழுவின் துணைத்தலைவராகி, அடுத்த பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்தார் அலுவாலியா. அதிகாரியாக இருந்தவர் அமைச்சர் தகுதி பெற்றவராக மாறிய காலம் அது. நூலின் குரலும் இங்கேதான் மாறுகிறது.

ஆசிரியருடைய தொடக்ககால ஆய்வுகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி கூடுதலாகச் சிந்தனையைத் தூண்டும். உலக வங்கியில் அவர் பணியாற்றியது வருமானப் பகிர்வு குறித்த பிரிவில். 1970களில் அவர் எழுதிய கட்டுரைகள் ஏற்றத்தாழ்வு பற்றியவை. இந்தியக் கிராமப்புற வறுமைக்கும் வேளாண் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 1978ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. அப்படிப்பட்டவரைத்தான் 2011 செப்டம்பருக்குப் பின் நாடு முழுவதும் ஏழைகளின் துன்பம் அறியாதவர் என்று ஏசியது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய்க்கு மேல் செலவிடக்கூடியவர் வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர் என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததே காரணம். அந்த எண், வறுமையை அளவிட அமைக்கப்பட்ட டெண்டுல்கர் குழுவின் அளவுகோலிலிருந்து பெறப்பட்டது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தலைக்கும் நாளுக்கும் வகுத்துச் சொன்னபோது அது நகைப்புக்கிடமாயிற்று. நலத்திட்டங்களுக்கான தகுதியை இந்தக் கோடு தீர்மானிக்காது என்று அலுவாலியாவும் ஊரக வளர்ச்சி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் அக்டோபரில் விளக்கம் தர நேர்ந்தது, பின்னர் ரங்கராஜன் தலைமையில் வேறொரு குழுவும் அமைந்தது. அதே டெண்டுல்கர் அளவுகோலின்படி வறுமையில் இருந்தோர் விகிதம் 2004-05இல் 37.2 விழுக்காடாக இருந்து 2011-12இல் 21.9 விழுக்காடாகக் குறைந்தது என்பது அவர் காலத்தின் மிகப் பெரிய சாதனை. ஓர் அளவுகோலைக் கேலிக்குரியதாக்கிய பிறகு, அதே அளவுகோல் காட்டும் சாதனையை மக்கள் நம்புவது கடினம். புள்ளிவிவரத்தைச் சரியாகக் கணக்கிடுவது ஒரு திறமை, அதை நீதிமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் எடுத்துரைப்பது வேறொரு திறமை என்பதை ஆசிரியர் தம் அனுபவத்திலிருந்து இன்னும் வெளிப்படையாக எழுதியிருந்தால், பொருளாதார மாணவர்களுக்கு அது பெரும் பயன் தந்திருக்கும்.

திட்டக்குழுவுக்கும் மாநிலங்களுக்கும் இருந்த உறவைப் பற்றிய எழுத்தும் எனக்குப் போதவில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் உட்பட எல்லா மாநில முதலமைச்சர்களும் ஆண்டுதோறும் டெல்லியில் திட்டக்குழுவின் அலுவலகமான யோஜனா பவனுக்குச் சென்று, துணைத்தலைவர் எதிரே அமர்ந்து, தத்தம் மாநிலத்தின் ஆண்டுத் திட்ட ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் பெற்றுவந்த வழக்கம் 2014இல் திட்டக்குழு கலைக்கப்படும்வரை நீடித்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர், நியமனத்தால் வந்த ஒருவரிடம் கணக்குக் காட்டும் அந்தக் காட்சியை மேசையின் மறுபக்கத்திலிருந்து பத்தாண்டுகள் பார்த்தவர் அலுவாலியா. தொழில்முனைவோரின் உரிமங்களை ஒழிக்கப் பாடுபட்டவர், மாநிலங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருந்த ஒரு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியதில் இருந்த முரணை அவர் எப்படி உணர்ந்தார் என்பதைப் பக்கங்களில் தேடிக்கொண்டே இருந்தேன்.

அலைக்கற்றை, நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடு ஆகியவற்றில் எழுந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் குறித்த பகுதிகளில் தற்காப்பின் சாயல் தெரிகிறது. அதிகாரியாக இருந்த காலத்தைப் பேசும்போது 'நான் எழுதினேன், நான் எதிர்த்தேன்' என்று நேராக நிற்கும் வாக்கியங்கள், இங்கே 'முடிவெடுக்கப்பட்டது', 'கருதப்பட்டது' என்பது போன்ற தொனிக்குச் சாய்கின்றன. அக்காலத்தில் அரசு செயலிழந்துபோனதற்கு அதிகாரிகளின் அச்சமும் ஒரு காரணம் என்று ஏற்றுக்கொண்டாலும், அந்த அச்சத்தைப் போக்கும் இடத்தில் இருந்தவர்களுள் ஆசிரியரும் ஒருவர் என்பதை மறக்க இயலாது.

இந்தப் பகுதியில் ஒரு நிகழ்ச்சி மட்டும் தனித்து நிற்கிறது. 2013 செப்டம்பரில் பிரதமர் நியூயார்க்கில் இருந்தபோது, தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதிகள் உடனே பதவி இழப்பதைத் தடுக்க அரசு கொண்டுவரவிருந்த அவசரச் சட்டத்தை ராகுல் காந்தி பத்திரிகையாளர்கள் முன்னிலையில் கண்டித்துக் கிழித்தெறிய வேண்டும் என்றார். இதையொட்டி அலுவாலியாவின் சகோதரர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சஞ்சீவ், பிரதமரைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வேறு எவர் வழியாகவும் அது பிரதமருக்குத் தெரியவரக் கூடாது என்று அலுவாலியாவே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அமைதியாகப் படித்து முடித்த மன்மோகன் சிங், தாம் பதவி விலக வேண்டும் என்று அலுவாலியா நினைக்கிறாரா என்று கேட்கிறார். அது பொருத்தமாக இராது என்று அலுவாலியா விடையளிக்கிறார். முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட நட்பு, உத்தியோக மரியாதை, குடும்பத்துக்குள்ளேயே இருந்த கருத்து வேறுபாடு எல்லாம் இந்தச் சில பத்திகளில் வந்து சேர்கின்றன. சொந்த உணர்வுகளை எழுதத் தயங்கும் இந்நூலாசிரியர் இங்கே மட்டும் வாசகரை அருகில் அழைத்து உட்காரவைக்கிறார்.

மொழிநடை தெளிவானது, நல்ல அலுவலகக் குறிப்புக்குரிய ஒழுங்கு ஒவ்வோர் அத்தியாயத்திலும் உண்டு. நகைச்சுவை அளவோடு வருகிறது, வசைபாடல் அறவே இல்லை. பொருளாதாரப் பின்னணி இல்லாதவர்களும் செலாவணி விகிதம், நிதிப் பற்றாக்குறை போன்றவற்றைப் பின்தொடர முடியும் என்பது பாராட்டுக்குரியது, ஆனால் பிற்பகுதியில் துறை துறையாக நகரும் அத்தியாயங்களில் பொறுமை தேவைப்படும். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துபோகும் 1991ஐ அறிய, வி.பி. சிங் காலத்திலிருந்து செலாவணி விகிதங்கள் இணைந்தது வரையிலான அத்தியாயங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் பக்கத்திலிருந்து அதே ஜூலை நாட்களைப் பார்க்க விரும்புவோர், அரியலூரில் பிறந்து அவ்வங்கியின் ஆளுநராக உயர்ந்த ரங்கராஜன் 2022இல் வெளியிட்ட நினைவுநூலையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.