மூன்று அறை, நாலு வருஷம், ஒரு பூட்டு

பள்ளத்தூர் நண்பர் ஒருவர் போன வாரம் வந்திருந்தார். முகப்பில் கொத்தனார் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூசியிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நண்பர் கேட்டார்: "எங்க வீட்டையும் அந்த ஆப்புல போடலாம்னு பையன் சொல்றான். நீ நாலு வருஷமா ஓட்டுற. போடலாமா, வேணாமா?" அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுத்தரும் ஆப் அது; பெயர் வேண்டாம். கமிஷன் எவ்வளவு, படம் எப்படி எடுப்பது என்பதையெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். எங்கள் வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் மூன்றைத் தங்க விடுகிறோம். நானும் வீட்டுக்காரியும் பெரியாத்தாவும் பின்னால் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கிறோம். மீதி அறைகளைப் பங்காளிகள் பூட்டி, சாவியைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆப்பிலிருந்து பணம் ஒழுங்காக வருகிறது, ஒரு தடவைகூட இழுத்தடித்ததில்லை. ஐப்பசி மழைக்கு ஒழுகிய ஓடுகளை மாற்றியது இந்தப் பணத்தில்தான். பங்காளிகள் அனுப்பிய பணத்தில் அல்ல என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

என் புகார் ஒன்றே ஒன்று. வரப்போகிறவர் யார் என்று பார்க்கவிடாது. பெயர், எத்தனை பேர், எத்தனை இரவு, இதற்கு முன் தங்கிய இடங்களில் அவரைப் பற்றி எழுதியது, அவ்வளவுதான் தெரியும். முகமும் போன் நம்பரும் நாம் சரி என்று சொன்ன பிறகுதான். இதே தொழிலில் இருக்கிற அமெரிக்க நிறுவனமான ஏர்பிஎன்பி 2018 அக்டோபரில் விருந்தினர் படத்தை இப்படிப் பின்னுக்குத் தள்ளியது. நான் இருக்கும் ஆப்பிலும் இதே ஏற்பாடுதான்.

இது மற்ற ஊர்க்காரர்களுக்கு எப்படியோ, எங்களுக்குக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுப்போம். அவர் செம்பைக் கீழே வைப்பதற்குள் "எந்த ஊரு, எந்தக் கோயிலு, யாரு வீடு?" என்று கேட்டுவிடுவோம். எங்கள் நகரத்தார் சமூகத்துக்குக் கோயில் ஒன்பது, ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தது. அதில் ஒன்றைச் சொன்னால் மீதி ஜாதகத்தை நாங்களே எழுதிக்கொள்வோம். காசியிலும் ராமேஸ்வரத்திலும் நகரத்தார் விடுதியில் ஊரும் கோயிலும் சொன்னால்தான் அறைச்சாவி கைக்கு வரும். என் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நம் ஆட்கள் தொழிலும் நடத்தித் தங்கவும் செய்த கிட்டங்கியில், பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, இருந்தவர். கடல் தாண்டிப் போயும் படுத்து எழுந்ததெல்லாம் நம் ஆட்கள் நடுவில்தான். இப்படி ஒரு வழக்கத்தில் வளர்ந்தவனிடம், முகம் தெரியாத ஒருவருக்கு மூன்று இரவு வீட்டைக் கொடு என்றால் என்ன செய்வான்?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வீட்டைப் போட்ட முதல் வருஷ மார்கழி. இரண்டு பேர், மூன்று இரவு என்று ஒரு கோரிக்கை வந்தது. முஸ்லிம் பெயர். முன்பு தங்கிய இடங்களில் எல்லாரும் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கென்று ஆட்சேபணை எதுவும் இல்லை என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வளவை ஒட்டி, பங்காளிகள் எல்லாரும் கும்பிடும் சாமி வீடு இருக்கிறது. சென்னையில் இருக்கிற பங்காளி அண்ணன் யார் வந்தாலும் "என்ன ஆளுக தம்பி?" என்று வாட்ஸப்பில் கேட்கிறவர். எதற்கு வம்பு என்று மறுத்துவிட்டேன். காரணம் கேட்டது ஆப். "வீட்டில் மராமத்து நடக்கிறது, அறை இல்லை" என்று தட்டினேன்.

உடனே அந்த மூன்று நாளுக்கும் நாட்காட்டியில் அந்த அறை பூட்டிக்கொண்டது. அறை இல்லை என்று சொன்னாய் அல்லவா, அப்படியானால் யாருக்கும் இல்லை. அது சீசன். மறுநாளே பெங்களூர்க்காரர் ஒருவர் அதே தேதிக்குக் கேட்டார், கொடுக்க முடியவில்லை. ஓர் இரவுக்கு நாலாயிரம் வீதம் பன்னிரண்டாயிரம் போயிற்று. உதவி மையத்துக்கு எழுதினேன். மரியாதையாக, நாலு வரியில், ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது. அந்தப் பன்னிரண்டாயிரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சொந்த வீட்டுக் கதவை ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவதா என்று ஒரு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

நியூஜெர்சியில் இருக்கிற மகளிடமும் புலம்பினேன். அது தப்பு. "இந்தப் பூட்டு எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா அப்பச்சி?" என்று ஆரம்பித்தாள். 2015இல் ஹார்வர்டு ஆட்கள் மூன்று பேர் அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் ஆறாயிரத்து நானூறு வீடுகளுக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்த்தார்களாம். மற்றதெல்லாம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. வெள்ளைக்காரர் பெயருக்கு நூற்றில் ஐம்பது வீடு சரி என்றது, கறுப்பர் பெயருக்கு நாற்பத்திரண்டு. அடுத்த வருஷம் ஏர்பிஎன்பி கொண்டுவந்த விதிகளில்தான், அறை இல்லை என்று ஒருவரைத் திருப்பினால் அந்தத் தேதியையே அடைத்துவிடுவது என்பதும் இருந்தது. "உங்கள மாதிரி மராமத்து சொன்னவங்களாலதான்" என்றாள். ஓரிகன் மாநிலத்திலிருந்து வரும் விருந்தினர்களுக்கு, முன்பதிவு உறுதியாகும்வரை பெயரின் முதல் எழுத்தை மட்டும் காட்டுவது என்று 2022இல் ஏர்பிஎன்பி ஆரம்பித்ததாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் முதல் எழுத்துகள்தான் ஆளையே காட்டிக்கொடுக்கும். விலாசம் என்று நாங்கள் சொல்கிற குடும்ப முதலெழுத்துகளைச் சொன்னால் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று பெரியாத்தா சொல்லிவிடுவார்.

நானும் விடவில்லை. அதே அமெரிக்காவில், பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் வருஷச் சட்டத்தில், உரிமையாளரே குடியிருந்து ஐந்து அறைக்கு மிகாமல் வாடகைக்கு விடும் வீட்டுக்கு விலக்கு இருக்கிறது என்று படித்துவைத்திருந்தேன். எனக்கு மூன்றே அறை, நானும் அங்கேயே இருக்கிறேன். "அப்ப அமெரிக்காவுல வந்து வீட்ட விடுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

நம் ஊர்ச் சட்டத்தை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் மருமகனிடம் கேட்டேன். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு அரசாங்கத்தை மட்டும் கட்டுப்படுத்துவது என்று நினைத்திருந்தேன். அதன் இரண்டாவது உட்பிரிவு கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே வருகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் வைத்து யாரையும் அங்கே தடுக்கக் கூடாது. தீண்டாமை பார்த்து ஓட்டலில் விடாமலிருந்தால் 1955ஆம் வருஷச் சட்டப்படி குற்றமே. "உங்க வீடு ஓட்டல் இல்லைன்னு வாதாடலாம் மாமா. ஆனா வாசல்ல ரேட் கார்டு மாட்டியிருக்கீங்களே" என்றார். கல்யாணம் ஆகாத ஜோடிகளைப் பற்றி வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள். அவர்கள் ஓட்டலில் தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என 2019இல் கோவை சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியாயிற்றாம். அடையாள அட்டை பார்ப்பது, வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் விவரத்தை இணையத்தில் பதிவது, இதெல்லாம் நாம் செய்ய வேண்டியது. ஆனால் அது ஆள் வந்த பிறகு. நான் கேட்பது வருவதற்கு முன்னால்.

முகம் வேண்டாம், ஒரு போன் பேச விடட்டும் என்பதுதான் இன்றைக்கும் என் கோரிக்கை. குரலைக் கேட்டால் ஆள் தெரியும். இதை மகளிடம் சொன்னதற்கு, "குரல்லயும் ஊர் தெரியுமே அப்பச்சி, அதுக்குத்தானே?" என்றாள். இல்லை என்று சொன்னேன். முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, இப்போது நடக்கிற மராமத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் கேட்டார். நான் ஒன்றும் கேட்காமலே ஊர், கோயில், பிரிவு மூன்றையும் செய்தியில் எழுதியிருந்தார். நம்ம வீட்டுப் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சரி சொன்னேன். வீட்டுக்காரி பால் பணியாரம் செய்துவைத்தாள். இரண்டு பேர் என்று பதிந்தவர் பதினான்கு பேரோடு வேனில் வந்து இறங்கினார். கல்யாணத்துக்கு முந்திய போட்டோ ஷூட். விளக்குகள், குடை, ஒரு டிரோன். முகப்பில் துணி கட்டுவதற்காகச் சுவரில் பட்டையான டேப்பை ஒட்டி, போகும்போது உரித்தார்கள். என் ஐயா காலத்து முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி இருந்தது, நாலு இடத்தில் பொருக்காகக் கையோடு வந்துவிட்டது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் மஞ்சள் தண்ணீர் கொட்டியிருந்தது. அதைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஒரு பையன் கழிப்பறை ஆசிட்டை ஊற்றினான். அது சிமெண்டில் கையால் வார்த்த கல், ஆசிட் பட்டால் பூ மங்கிப்போகும். பதினோரு கல் போயிற்று. கேட்டதற்கு, "நம்ம ஆளுகதானே அண்ணே, விடுங்க" என்றார்.

இதற்கு நஷ்டஈடு கேட்டபோது ஆப் நடந்துகொண்ட விதம் எனக்கே ஆச்சரியம். படங்கள் கேட்டார்கள், கொத்தனாரின் மதிப்பீட்டைக் கேட்டார்கள், ஒன்பதாவது நாள் முக்கால்வாசிப் பணம் வந்துவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்திருந்தால் ஒன்பது வருஷம் ஆகியிருக்கும்.

ஆக, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பணம் சரி, நஷ்டஈடு சரி, வந்து தங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கமானவர்கள். இருந்தாலும் இரண்டுதான். ஷூட்டிங் உண்டா என்று முதலிலேயே கேட்க ஒரு கட்டம் இருக்கிறதாம், விதிமுறைப் பக்கத்தின் அடியில். நாலு வருஷமாக என் கண்ணில் படவில்லை. முந்தாநாள்தான் நிரப்பினேன். நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நீயும் எடுத்துடப் போறியா?" என்றார். சீசன் முடியட்டும் என்றேன்.

அந்தக் கட்டத்தைத் தேடும்போது பழைய செய்திகள் கண்ணில் பட்டன. அந்த மார்கழியில் நான் மறுத்த அன்றே அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். "பரவாயில்லை ஐயா, மராமத்து முடிந்ததும் சொல்லுங்கள், வருகிறோம்." நான் பதில் போடவில்லை. கொத்தனார் இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறார்.