கம்யூனிட்டி டேங்க்கில் பெட்டா: ப்ரீடிங் பாக்ஸ் கைகொடுக்குமா?

குஞ்சு மீன்களுக்கென்று விற்கும், டேங்க்குக்குள் மாட்டும் சிறு பெட்டியான அக்ரிலிக் ப்ரீடிங் பாக்ஸ், ஆண் பெட்டாவை (சண்டை மீன்) பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் புது கம்யூனிட்டி டேங்க்கில் பழக்குவதற்கு அருமையாக உதவுகிறது. வலைத்துணி பாக்ஸ் வேண்டவே வேண்டாம். நீளத் துடுப்பு அதில் உரசிக் கிழியும்.

மாட்டும்போது பாக்ஸின் விளிம்பு நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். பெட்டா மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். மூடிவரை தண்ணீர் நின்றால் மூச்சு முட்டும். ஆனால் மூடி அவசியம், தாவிவிடும்.

மூன்று, நான்கு நாள் போதும். பக்கத்தில் ரஸ்போரா என்னும் சிறுமீன் கூட்டம் கடந்தால் முதலில் செவுள்மூடி விரியும், கீழே கருந்தாடி போலத் துருத்தும். அது அடங்கி, ஒழுங்காக இரை எடுத்தால் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடலாம். வாரக்கணக்கில் அடைத்து வைப்பது கொடுமை.

பெரிய குறை, பாக்ஸுக்குள் நீரோட்டம் போதாது. அதன் பிளவுகள் குறுகலானவை, தின்னாத தீனி அடியில் தங்கி அழுகும். தினமும் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். சக்‌ஷன் கப் வழுக்கும், கொக்கி மாடலே நல்லது.

டைகர் பார்ப், கௌராமி, வால் நீண்ட ஆண் கப்பி உள்ள டேங்க்குக்கு இந்த பாக்ஸ் தீர்வல்ல. அங்கே பெட்டாவை விடவே கூடாது.