வாட்ச் மெஷ் செயினை முலாம் போடக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மெஷ் செயின், அதாவது மெல்லிய கம்பிகளை வலை மாதிரிப் பின்னிய செயின் போட்ட வாட்ச் கட்டுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. செயின் மங்கிவிட்டது, கறை பிடித்துவிட்டது என்று "முலாம் போட்டுப் புதுசாக்கித் தருகிறோம்" என்று சொல்லும் கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முலாம் போடுவதாக என் செயினை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு ஒரு பித்தளைச் செயினை மாட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிவதைவிட அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

வாட்ச் என் சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தது. ரோஸ் கோல்டு நிறம். செயினின் கொக்கிக்கு உள்பக்கம் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும், பக்கத்தில் 316எல் என்றும் இருக்கும். அதாவது நல்ல எவர்சில்வர். வாட்ச்சோடு சேரும் முனையில் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. நகத்தால் தள்ளினால் செயின் கழன்று வந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கொஞ்ச காலம் கட்டிய பிறகு மணிக்கட்டின் உள்பக்கம் படும் இடத்தில் நிறம் போனது. இரண்டு விதமாகப் போனது. கொக்கி நகரும் இடத்தில் ரோஸ் கோல்டு தேய்ந்து வெள்ளை தெரிந்தது. பின்னலுக்கு நடுவே பழுப்பாக, டீக்கறை மாதிரி ஒரு படலம். தினமும் மின்சார ரயிலில் போய்வருகிற கை, சன்ஸ்க்ரீன் பூசும் கை. சென்னை வேர்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் செயினைக் கையில் வாங்கிப் பார்த்த வேகத்தைச் சொல்ல வேண்டும். கண்ணருகே கூடக் கொண்டுபோகவில்லை. "கோட்டிங் போயிடுச்சு மேடம். பழைய முலாமை எடுத்துட்டு, ஒரிஜினல் ரோஸ் கோல்டு போட்டுத் தரேன். 850 ரூபா. வேலை வெளியே கொடுத்துத்தான் வாங்கணும், நாளைக்கழிச்சு வாங்க." ஆறு மாசம் கேரண்டி என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'ஸ்ட்ராப் பாலிஷ் – 1' என்று எழுதிக் கொடுத்தார். என்ன ஸ்ட்ராப், என்ன உலோகம், கேரண்டி எவ்வளவு, ஒன்றும் கிடையாது. கேட்டால், "நம்ம கடை இங்கேதானே இருக்கு மேடம்."

திரும்பிப் போனபோது செயினை வாட்ச்சில் மாட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளும் சுற்றிக் கொடுத்தார்கள். பளபளவென்றுதான் இருந்தது. நிறம் முன்பைவிடச் சிவப்புக் கூடுதல். "புதுசா போட்டா அப்படித்தான் இருக்கும், போகப் போக செட் ஆயிடும்" என்றார். கட்டிய அன்றே கையிலுள்ள முடி பின்னலில் மாட்டி இழுத்தது. முன்பு ஒரு நாளும் அப்படி இழுத்ததில்லை.

சில வாரங்கள் போயின. கொக்கி படும் இடத்தில் தோலில் கருப்பும் பச்சையுமாக ஒரு வளையம். சோப்புப் போட்டுக் கழுவினால் போகும், மறுநாள் சாயங்காலம் திரும்ப வரும். அப்புறம் அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளங்கள். தோல் மருத்துவர் பார்த்தவுடனே நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி, வாட்ச்சைக் கழற்றி வைக்கச் சொன்னார்.

அந்தப் பச்சைதான் என்னை யோசிக்க வைத்தது. கவரிங் நகை போட்டுப் பழகிய வீட்டில் பச்சை என்றால் எல்லோருக்கும் தெரியும். மேல் முலாம் போய், உள்ளே இருக்கும் செம்போ பித்தளையோ வேர்வையோடு சேரும்போது வருவது அது. எவர்சில்வரில் இரும்பும் குரோமியமும் நிக்கலும் உண்டு. கெட்டுப்போனால் பழுப்பாகத் துரு பிடிக்கும், புள்ளி புள்ளியாக அரிக்கும். தோலில் பச்சை ஒட்டாது. அப்படியானால் என் கையில் இருந்த செயினில் செம்பு எங்கிருந்து வந்தது?

எங்கள் தெருமுனையில் கண்ணாடிப் பெட்டி வைத்து வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லூப்பை (வாட்ச்காரர்களின் சின்னப் பூதக்கண்ணாடி) மாட்டிக்கொண்டு கொக்கியின் உள்பக்கத்தைப் புரட்டினார். "என்னம்மா, எழுத்தே இல்லையே?" அப்போதுதான் தெரிந்தது, பொறித்திருந்த எழுத்து இல்லை. பாலிஷ் போட்டதில் தேய்ந்திருக்குமோ என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் முனையைக் காட்டினார். நெம்புகோலும் இல்லை. சாதாரண ஸ்பிரிங் பின் போட்டிருந்தது, கருவி வைத்துத்தான் கழற்ற வேண்டும். பாலிஷில் எழுத்து தேயலாம். நெம்புகோல் தேய்ந்து ஸ்பிரிங் பின்னாக மாறுமா?

என் சம்மதம் கேட்டுவிட்டு, வெளியே தெரியாத ஒரு மூலையில் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். லூப் வழியாக நானும் பார்த்தேன். மேலே சிவப்பு கலந்த தங்க நிறம், அதற்கடியில் மயிரிழைக்கு வெள்ளைக் கோடு, அதற்கும் அடியில் நல்ல மஞ்சள். "மேலே முலாம், நடுவுல நிக்கல், உள்ளே பித்தளை. இது உங்க செயின் இல்லம்மா" என்றார். காசு வாங்கவில்லை.

மருத்துவர் சொன்ன நிக்கலும் அந்த வெள்ளைக் கோட்டில் இருந்தது. என் பழைய செயினிலும் நிக்கல் உண்டு; 316 ரக எவர்சில்வரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலேயே இருக்கும். ஆனால் அது உலோகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும், வெளியே கசிவது மிகக் குறைவு. மெல்லிய முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருந்தால், மேலே தேய்ந்ததும் வேர்வையில் கரைந்து தோலுக்குள் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள்: தோலில் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு கசிகிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார்: "உங்க உடம்புச் சூடு மேடம். சிலருக்கு வேர்வை அப்படி." சரி, வேர்வை நெம்புகோலையும் தின்றுவிட்டதா என்று கேட்டேன். பழைய புகைப்படம் ஒன்று போனில் இருந்தது. தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது, வாட்ச் முனை நன்றாகத் தெரியும். பெரிதாக்கிக் காட்டினேன். இப்போது பேச்சு மாறியது. வெளியே வேலை செய்கிறவன் மாற்றிக் கொடுத்திருப்பான், எங்களுக்குத் தெரியாது, இங்கே தினம் எத்தனையோ செயின் வருது. அப்படியானால் அந்த வேலைக்காரரைக் கூப்பிடுங்கள் என்றால், அவர் ஊருக்குப் போயிருக்கிறாராம்.

என் கணிப்பு இது. நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன். எவர்சில்வரில் முலாம் போடுவது சின்னப் பட்டறைகளுக்குத் தலைவலி. அதன் மேல் எப்போதும் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும், துரு பிடிக்காமல் காப்பதே அதுதான். அந்தப் படலத்தின் மேல் எந்த முலாமும் ஒட்டாது. அமிலம் கலந்த நிக்கல் குளியலில் முதலில் ஒரு பிடிமானப் பூச்சுப் போட்டால்தான் ஒட்டும், இல்லையென்றால் உரியும். மெஷ் இன்னும் மோசம். கம்பி கம்பியைக் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் கரைசல் தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் பிறகு கசிந்து கறை போடும். அதைவிட, மொத்த விலையில் கிடைக்கும் பித்தளை மெஷ் ஒன்றை மாட்டிக் கொடுப்பது அவர்களுக்கு மலிவு. கூடவே ஒரு நல்ல எவர்சில்வர் செயினும் கையில் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் நேர்மையாகவே செய்திருந்தாலும் 'ஒரிஜினல் ரோஸ் கோல்டு' வந்திருக்காது. கம்பெனி வாட்ச்களில் இந்த நிறம் பெரும்பாலும் வெற்றிடக் கலத்துக்குள் ஆவியாகப் படிய வைப்பது. ஐபி, பிவிடி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் போடும் முலாம் வேறு வகை, அதைவிடச் சீக்கிரம் தேயும். பெட்டியில் ஐபி அல்லது பிவிடி என்று இருந்தால் பஃப் வீலில் (பாலிஷ் போடும் சுழல் சக்கரம்) கொடுக்கவே கூடாது. பூச்சு போய்விடும், மூலைகளில் முதலில் போகும்.

இப்போது உங்கள் செயின் மங்கியிருந்தால் எந்த நிறத்தில் மங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும். பிசுக்குக் கருப்பு என்றால் அது வெறும் அழுக்கு: வேர்வை, தோல் துகள், கிரீம். செயினைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, குழந்தைகளின் மெல்லிய டூத் பிரஷ்ஷால் பின்னலின் போக்கிலேயே தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காயவிடுங்கள். காயாமல் கட்டினால் திரும்பவும் கறை வரும். பழுப்புப் புள்ளிகள் என்றால் உப்பு வேலை. கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். மேலோட்டமாக இருந்தால் இதே கழுவலில் பெரும்பகுதி போகும். தங்க நிறச் செயினில் வெள்ளை தெரிந்தால் அது கறை இல்லை, பூச்சு தேய்ந்துவிட்டது. எந்தத் திரவமும் அதைத் திரும்பக் கொண்டுவராது. அப்படியே கட்டலாம், அல்லது வேறு செயின் வாங்கலாம். பச்சை தெரிந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. எவர்சில்வர் என்று சொல்லி விற்றிருந்தால் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொன்னார் என் மாமியார். குத்துவிளக்குக்கு அது சரி, எவர்சில்வருக்கு உப்புதான் முதல் எதிரி. வெள்ளைத்துணிக்குப் போடும் பிளீச், பாத்ரூம் ஆசிட் இரண்டும் வேண்டவே வேண்டாம், இரண்டுமே காப்புப் படலத்தைக் கெடுத்து உலோகத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வெள்ளி நகைக்கான திரவத்தையும் இதற்குப் போடாதீர்கள். பல்பொடி கீறல் போடும், பூச்சுள்ள செயின் என்றால் கூடவே பூச்சும் போகும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். முழுதாக நம்ப வேண்டாம். காந்தம் பட்டென்று பிடித்தால் இரும்போ மட்ட ரக ஸ்டீலோ என்று சந்தேகப்படலாம். பிடிக்காவிட்டால் எவர்சில்வர் என்று அர்த்தமில்லை, பித்தளையிலும் காந்தம் பிடிக்காது. நல்ல 304 ரக எவர்சில்வர் கம்பிகூட இழுத்துப் பின்னும்போது லேசாகக் காந்தத்தில் ஒட்ட ஆரம்பிக்கும்.

எதற்காகவாவது கடையில் விட்டே ஆகவேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே கொக்கியின் உள்பக்கம், முனை, பின்னல் மூன்றையும் போனில் படமெடுங்கள். சீட்டில் உலோகம், நிறம், பொறித்த எழுத்து, கேரண்டி எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது பிளாஸ்டிக் தாளை அங்கேயே பிரித்து, செயினைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் கொடுக்காதீர்கள்.

புகாருக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்து பதிந்தேன். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கடைக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ஒழுங்கான பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்று இருக்கிறது. இதைக் கடையில் சொன்னதும்தான் முதல்முறையாக எனக்கு நாற்காலி போட்டார்கள்.

புகார் போன பிறகு கடையிலிருந்து ஒருவர் பேசினார். 850 ரூபாயைத் திருப்பித் தருவார்களாம், கூடவே சுவரில் தொங்குவதில் பிடித்த செயின் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். எடுத்துக்கொள்கிறேன், ஆனால் 'எவர்சில்வர்' என்று பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை. பித்தளைச் செயினையும் துண்டுச் சீட்டையும் மருத்துவரின் சீட்டையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன், ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.