ஒரு வரியா, ஒரு பத்தியா: ஏஜென்டுக்குக் கருவியை விளக்கும் வழிகள்

ஏஜென்ட் என்றால், ஒரு வேலையை முடிக்கத் தானே கருவிகளை, அதாவது வெளியே இருக்கும் நிரல்களை, அழைத்துக்கொள்ளும் மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் செயற்கை நுண்ணறிவு). அப்படி அழைக்க உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியை ஓபன்ஏஐ 2023 ஜூனில் தந்தது. கருவிகளை மாதிரிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: கருவிக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவத்தைச் சொல்லும் ஒரு ஜேசன் ஸ்கீமா. கருவிக்குள் இருக்கும் நிரல், மொழி மாதிரியின் கண்ணில் படுவதே இல்லை. எதை அழைப்பது, எந்த மதிப்பை அனுப்புவது என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றைப் படித்தே அது முடிவு செய்கிறது. அப்படியிருக்க, விளக்கம் எழுதுவதைக் கடைசி நிமிட வேலையாகத் தள்ளிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நம் ஊர் ரயில் பயணத்துக்கு உதவும் ஓர் ஏஜென்டை எடுத்துக்கொள்வோம். அதனிடம் ரயில் தேடல், இருக்கை நிலவரம், பிஎன்ஆர் நிலை என்று மூன்று கருவிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஒற்றை வரி: "ரயில்களைத் தேடும்." கருவி விளக்கங்கள் ஒவ்வொரு அழைப்போடும் மாதிரிக்குப் போவதால், சுருக்கமாக எழுதினால் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவு குறையும். இருப்பது ஒரே கருவி என்றால் இதுவே போதும். ஆனால் பயணி "நாளை சென்னையிலிருந்து மதுரைக்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தக் கருவியை அழைப்பது? சென்னை என்றால் சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா? ஒற்றை வரியில் இதற்கெல்லாம் பதில் இல்லாததால் மாதிரி ஊகிக்கத் தொடங்குகிறது.

இரண்டாவது வழி, பத்தி: "இரு நிலையங்களுக்கிடையே குறிப்பிட்ட நாளில் ஓடும் ரயில்களின் எண், பெயர், புறப்படும் நேரம் ஆகியவற்றைத் தரும். காலி இருக்கைகளைக் காட்டாது. அதற்கு இருக்கை நிலவரக் கருவியை அழைக்கவும். நிலையக் குறியீட்டை மட்டுமே ஏற்கும். பயணி 'சென்னை' என்று மட்டும் சொன்னால் எம்ஏஎஸ் (சென்ட்ரல்), எம்எஸ் (எழும்பூர்), டிபிஎம் (தாம்பரம்) மூன்றிலும் தேடவும்." இதில் அதிகம் உழைப்பது இரண்டாவது வாக்கியம். கருவி எதைச் செய்யாது என்று எழுதினால்தான் பக்கத்துக் கருவியோடு அதற்குள்ள எல்லை தெளிவாகும். ஆந்த்ரோபிக்கின் இணையத் தேடல் கருவியில், அந்நிறுவனத்தின் மாதிரியான கிளாட் தேவையே இல்லாமல் தேடல் சொற்களோடு 2025 என்ற ஆண்டைச் சேர்த்துக்கொண்டிருந்தது. கருவி விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

மூன்றாவது வழி, வேலையை ஸ்கீமாவிடம் ஒப்படைப்பது. பயண வகுப்புக்கு அனுமதிக்கப்பட்ட மதிப்புகளைப் பட்டியலிட்டுவிட்டால், அதற்கென்று தனியாக ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை. ரயில் எண்ணை எண்ணாக அறிவிக்காமல் எழுத்துச் சரமாகவே அறிவிக்க வேண்டும். சிறப்பு ரயில்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும், எண்ணாக்கினால் அந்தப் பூஜ்யம் காணாமல் போய்விடும். இப்படிப்பட்ட தவறுகளை விளக்கத்தில் எச்சரிப்பதைவிட, நடக்கவே முடியாதபடி செய்வது மேல். நிரல் பிழைகளைத் திருத்தும் திறனை அளக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் சோதனைக்காக ஆந்த்ரோபிக் உருவாக்கிய ஏஜென்டிலும் இதே அனுபவம் கிடைத்தது: மூலக் கோப்புறையை விட்டு நகர்ந்ததும் மாதிரி கோப்புப் பாதைகளைத் தவறாகக் கொடுத்தது, முழுப் பாதையை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றியதும் சரியானது. ஆனால் ஸ்கீமா காப்பது வடிவத்தை மட்டும்தான். எழும்பூரில் ஏற வேண்டிய பயணிக்கு எம்ஏஎஸ் என்று அனுப்பினாலும் ஸ்கீமா அதைச் சரி என்றே ஏற்கும்.

எடுத்துக்காட்டு அழைப்புகளைச் சேர்ப்பது நான்காவது வழி. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய உள்ளீடுகளுக்கு அது நன்றாக உதவும். எளிய கருவிகளுக்குச் சேர்த்தால், எடுத்துக்காட்டில் உள்ள தேதியையே மாதிரி எடுத்து அனுப்பும் ஆபத்து உண்டு.

என் தேர்வு பத்திதான். சரிபார்க்க முடிந்ததையெல்லாம் ஸ்கீமாவுக்குத் தள்ளிவிட்டு, மிஞ்சும் பொருளையும் எல்லையையும் மட்டும் பத்தியில் சொல்ல வேண்டும். ஆனால் பத்திக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: அது பழசாகிவிடும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. விளக்கத்தில் 120 என்று எழுதி மறந்துவிட்டால், ஏஜென்ட் பயணிகளிடம் பொய்யான நம்பிக்கையைத் தந்துகொண்டே இருக்கும். மாறக்கூடிய விதிகளைப் பிழைச் செய்தியில் வைப்பதே நல்லது: "தேதி முன்பதிவு வரம்பைத் தாண்டுகிறது, இன்றிலிருந்து 60 நாளுக்குள் ஒரு தேதியைக் கொடுக்கவும்." வெறும் "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொன்னால் மாதிரிக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாது.

இதே ஏஜென்டில் டிக்கெட்டை ரத்து செய்யும் கருவியையும் சேர்த்தால், மேற்சொன்ன எந்த வழியும் தனியாகப் போதாது. "பயணி உறுதி செய்த பிறகே அழைக்கவும்" என்று விளக்கத்தில் அவசியம் எழுதுங்கள். ஆனால் மாதிரி அதை மீறவும் கூடும். எம்சிபியில் ஒரு கருவி அழிக்கும் செயலைச் செய்யும் என்று குறிக்க இடம் இருக்கிறது. அந்த நெறிமுறையே அதைக் குறிப்பு என்றுதான் அழைக்கிறது. பணம் திரும்பி வராத இடங்களில், பயணியின் ஒப்புதலைக் கேட்கும் படியை நிரலிலேயே வைத்துவிட வேண்டும்.