அல்சாஸ் வைன் சாலை: கார் வேண்டும், ஆனால் சின்னதாக

இந்தியப் பெருங்கடலிலுள்ள நம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து பதினோரு மணி நேரம் பறந்து பாரிசில் இறங்குகிற நம்மவர்களில் பலர் அந்த நகரத்தையும் உறவினர் வீடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சென்ற அக்டோபர் பள்ளி விடுமுறையில் அம்மாவும் தம்பியும் நானும் அதிவேக ரயிலேறி, இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்திராஸ்பூர் சேர்ந்து, அங்கே வாடகைக் கார் எடுத்து மூன்று நாள் கிழக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே சுற்றினோம். நம் ஓட்டுநர் உரிமமும் நம் யூரோவும் அங்கே அப்படியே செல்லும் என்பதால் ஏற்பாட்டில் சிரமம் எதுவும் இல்லை.

1953-இல் தொடங்கப்பட்ட இந்த வைன் சாலை வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே தான் (Thann) என்ற ஊர் வரை சுமார் 170 கி.மீ. நீள்கிறது. முழுவதையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்று புறப்படுபவர்கள் சாலையைத்தான் பார்ப்பார்கள். ஊர்களைப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் கொல்மாரில் தங்கி, சுற்றியுள்ள முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே திரிந்தோம். வாடகை நிறுவனம்தான் முதல் நாளே சோதித்தது. சிறிய கார் கேட்டுப் பதிவு செய்திருந்தோம். பெரிய மனது பண்ணுவதுபோல் அதே விலைக்கு ஏழு பேர் உட்காரும் வண்டியின் சாவியைக் கொடுத்தார்கள். நம் தீவின் மலையூரான சிலாவோசுக்குப் போகும் பாதையின் நானூறு வளைவுகளில் ஓட்டிப் பழகிய தம்பிக்கு மலைப்பாதை ஒரு பொருட்டே அல்ல, ஆனால் இரு பக்கமும் மரச்சட்டமிட்ட வீடுகள் நெருக்கி நிற்கும் சந்து ஒன்றில் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு பின்னோக்கியே வெளியேற வேண்டியிருந்தது. அதன் பிறகு எந்த ஊரானாலும் எல்லையிலேயே வண்டியை நிறுத்திக் கட்டணம் செலுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போனோம்.

எகிசைம் நடப்பதற்கென்றே அமைந்த ஊர். நடுவிலுள்ள கோட்டையைச் சுற்றி வீதிகள் வட்டம் வட்டமாகப் போகின்றன. "காரைக்கால்ல கோயிலச் சுத்தி வர்ற மாதிரியே இருக்கு" என்று அம்மா வலமாகவே நடக்கத் தொடங்கிவிட்டார். ரிக்வீரில் 1291-ஆம் ஆண்டின் டோல்டர் கோபுரவாயில் அழகானதுதான். ஆனால் முற்பகலுக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தில் அண்ணாந்து பார்க்கக்கூட இடம் கிடைக்காது. அதிகாலையில் போக முடியாதவர்கள் அந்த ஊரைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

எல்லோரும் பார்க்கச் சொல்வது ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையை. 757 மீட்டர் உயரத்தில் செந்நிற மணற்கல்லில் எழுந்து நிற்கும் அதன் பெயர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே ஆவணங்களில் இருக்கிறது. முப்பதாண்டுப் போரின்போது, 1633-இல், சுவீடன் படை 52 நாள் முற்றுகையிட்டு அதைப் பிடித்து எரித்தது. அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்த காலத்தில், 1899-இல், செலெஸ்டா நகரத்தார் அந்த இடிபாட்டைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசளித்தார்கள். போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பித் தந்த கோட்டை 1908 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ஆகவே நாம் இன்று ஏறி இறங்கும் படிக்கட்டுகளும் கூரைகளும் விருந்துக் கூடமும், இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஒரு பேரரசர் விரும்பினாரோ அப்படி அமைந்தவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் சீட்டுக் காசுக்குப் பழுதில்லை. அறுபது மீட்டருக்கு மேல் பாறையில் குடைந்த கிணற்றை எட்டிப் பார்க்கலாம். மேல்தளத்திலிருந்து ரைன் சமவெளி முழுவதும் தெரியும். எனக்கு மட்டும் எல்லாம் சற்று அதிகமாகத் துடைத்து வைத்ததுபோல் தோன்றியது.

என் வாக்கு ரிபோவில்லே ஊருக்கு மேலே காட்டுக்குள் நிற்கும் சேன்-உல்ரிக் கோட்டை இடிபாட்டுக்கு. காரோ சீட்டோ அங்கே உதவாது. ஊரிலிருந்து முக்கால் மணி நேரமாவது மூச்சிரைக்க ஏற வேண்டும். கூரை போன கூடத்தில் வளைவு வைத்த இரட்டைச் சன்னல்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் ஓரத்துக் கல்லிருக்கையில் உட்கார்ந்தால் எதிர்ப்பாறையில் கழுகுக்கூடுபோல் கீர்ஸ்பெர்க் கோட்டை தெரிகிறது. யாரும் எதையும் விளக்கிச் சொல்லாத அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக இந்தப் பயணத்தில் வேறொன்றும் இல்லை.

மது நிலவறைகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு இரண்டு கிண்ணத்தில் வந்துவிடும். எனவே காலையில் காசு சுண்டிப் போட்டு, அன்று ஓட்டுபவர் சுவைத்துவிட்டுத் துப்புவது என்று வைத்துக்கொண்டோம். ஊற்றித் தருபவர்கள் சில்வனேர் என்ற திராட்சையின் மதுவில் தொடங்கி, புளிப்பும் கூர்மையும் உள்ள ரீஸ்லிங்கைத் தாண்டி, இனிப்பான கெவூர்ஸ்திரமினேரில் முடிப்பார்கள். இந்த வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள், இனிப்பு முந்திக்கொண்டால் மற்றது நாக்குக்கு எட்டாது. மதுவைத் தொடாத அம்மா கடைசிக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "லெச்சிப்பழம் நசுங்கின வாசனை" என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும், அந்தத் திராட்சையை அடையாளம் காண அவர்களும் அதே பழத்தைத்தான் சொல்வார்கள் என்று தோட்டக்காரர் சிரித்தார். நம் ஊரில் டிசம்பரில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் வாசனை அது.

புரட்டாசி முடியச் சில நாள் இருந்ததால் சாப்பாடுதான் கவலையாக இருந்தது. உணவு விடுதிகளில் எதை எடுத்தாலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள். மெல்லிய மாவில் பாலாடையும் வெங்காயமும் பரப்பிச் சுடும் தார்த் ஃபிளாம்பேயைக் காளானுடன், "லார்தோன்" (அந்தப் பன்றித் துண்டுகள்) இல்லாமல் என்று அழுத்திச் சொல்லி வாங்கினால் சைவர்களுக்கும் வயிறு நிறையும். மூன்ஸ்டர் பாலாடைக்கட்டியின் நாற்றத்துக்கு அம்மா எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்.

ஸ்திராஸ்பூரில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது மூன்று நாளில் 290 கி.மீ.கூட ஓடியிருக்கவில்லை. கிலோமீட்டர் வரம்பில்லாத திட்டம்தான் சரிப்படும் என்று அதே முகப்பில் எங்களிடம் கூடுதல் பணம் வாங்கியிருந்தார்கள், அதை மறுத்துவிடுங்கள்.